வள்ளல்-1 தரையிறங்கிய விதம்

கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று தன் ஆண்டு விழாவில் ஆளுயர ராக்கெட் ஒன்றை வானத்தில் விட்டது. அது தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், கோணிக்கொண்டு, பக்கத்து முந்திரித் தோப்பில் விழுந்தது. சருகு பற்றிக்கொண்டு எரிய, தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போனது. ஆனாலும் மறுநாள் பேப்பரில் அரைப் பக்கம் படம். அந்த அரைப் பக்கத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து விருத்தாம்பாள் பொறியியல் கல்லூரியின் தாளாளர், கல்வி வள்ளல் கோவிந்தசாமிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

விருத்தாம்பாள் என்பது அவரைப் பெற்ற தாயார் பெயர். கீரப்பாளையத்தைத் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே நான்கு மாடியில் நிற்கிறது கல்லூரி. கல்வி வள்ளல் என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். கேட்ட ஒருவர் இப்போது அங்கே வேலையில் இல்லை.

ஆசிரியர்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு வள்ளல் பேசினார்.

"மேல ஏத்துறது இன்னாய்யா பெரிய விஷயம்? தீவாளிக்கு எங்க தெருப் பசங்க ஏத்துறானுங்க. எறக்கணும்! எறக்குறவன்தான்யா இஞ்சினியர். நாம செவ்வாய்க் கிரகத்துல எறக்குவோம். அதுவும் சோப்பு டப்பா மாதிரி எறக்கக் கூடாது. கனமா எறக்கணும். கனம்தான் கௌரவம்."

முதல்வர் டாக்டர் வைத்திலிங்கம் வாக்கியம் முடிவதற்குள்ளேயே கைதட்டினார். அவர் எப்போதுமே அப்படித்தான். முற்றுப்புள்ளிக்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை.

பழைய பஸ் ஷெட்டில் வெள்ளையடித்து, 'செவ்வாய்க் கிரகக் கனரகத் தரையிறக்க உயர் ஆய்வு மையம்' என்று பலகை மாட்டினார்கள். மையத்துக்குத் தலைவனாக மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர் கார்த்திகேசனைப் போட்டார்கள். கூட்டத்தில் அவன் கதவோரமாக நின்றிருந்தான், வள்ளல் வெளியே போகும்போது முதலில் கண்ணில் பட்டான். வேறு தகுதி எதுவும் பார்க்கப்படவில்லை. அதுவரை அவன் வாழ்க்கையில் இறக்கிய கனமான பொருள், மாமனார் வீட்டிலிருந்து லாரியில் வந்த பீரோ. அதிலும் ஒரு கதவு கோணிவிட்டது.

முடியாது என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இருக்கிறது சங்கதி. விருத்தாம்பாள் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிற ஆசிரியர், பத்தாம் வகுப்பிலிருந்து பட்டமேற்படிப்பு வரை தன் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். 'பாதுகாப்புக்காக' என்று அதற்குப் பெயர். முதல்வர் அறையில் பச்சை இரும்பு அலமாரி ஒன்று உண்டு. அதன் சாவி முதல்வர் இடுப்பில். கார்த்திகேசனுக்கு அப்போதுதான் அரசுப் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தது. சரிபார்ப்புக்கு அசலோடு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று முறை தேர்வெழுதி, சிதம்பரத்தில் அவன் மனைவி நடராசரிடம் சண்டையே போட்டு வாங்கிய வேலை அது.

"குடுக்காம எங்க போவப்போறோம்? எறக்கற விழா முடியட்டும்," என்றார் முதல்வர்.

உண்மையில் தரையிறக்கத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பொன்னிதான். கடைசி வருஷ மாணவி. அப்பா பொன்னுரங்கம் பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு வலிக்கிறவர். சுரபுன்னைக் காட்டுக்குள் ட்ரோன் விட்டுப் படம் பிடிக்க வந்த யாரோ, கெட்டுப்போன ட்ரோன் ஒன்றைப் படகிலேயே விட்டுப் போக, அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்த பெண் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சென்னையில் ட்ரோன் செய்கிற கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, ஜூன் மாதம் சேரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் பாடம் குறைவு, ப்ராஜெக்ட்தான் எல்லாம். அந்த ப்ராஜெக்டாக மையத்தின் கலத்தை அவள் தலையில் கட்டினார்கள். வழிகாட்டி, கார்த்திகேசன்.

முதல் நாளே அவள் சொன்னாள்: "சார், செவ்வாயில காத்து இருக்கு. ஆனா எரிச்சுப்புடற அளவுக்கு இருக்கு, நிறுத்தற அளவுக்கு இல்ல. நம்ம காத்துல நூத்துல ஒரு பங்குதான். வர்ற வேகத்துல கலம் தீயாக் காயும். சின்னக் கலம்னா கவசம் போட்டுத் தாண்டி, பாராசூட் விரிச்சு, சுத்திப் பலூன் கட்டி உருட்டி வுட்டுடலாம். கனமான கலம்னா பாராசூட் பத்தாது, பலூன் கிழிஞ்சிடும். கடைசியில இஞ்சின் போட்டுத்தான் நிறுத்தணும். இஞ்சினுக்கு எரிபொருள் வேணும், அதுவும் கனம். கனம் ஏற ஏற எல்லாமே மாறும் சார்."

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று கேள்விப்பட்டிருந்த கார்த்திகேசனுக்கு, இரண்டு கோபமும் ஒரே இடத்தில் இருக்கிற கிரகம் என்று புரிந்தது. முதல்வரிடம் போய் விளக்கினான். முதல்வர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆக, பிரச்சன காத்துதான்."

"ஆமாங்க சார், காத்து கம்மி."

"கம்மின்னா அடிச்சுக்க வேண்டிதுதானே?" என்றவர், அன்றே 'காற்றுப் பற்றாக்குறை ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர், உடற்கல்வி இயக்குநர். கல்லூரியில் ஃபுட்பால் பம்பு அவரிடம்தான் இருந்தது. குழு கூடியது, போண்டா சாப்பிட்டது, கீரப்பாளையத்தில் காற்றுக்குக் குறைவில்லை என்று தீர்மானம் போட்டுக் கலைந்தது.

செவ்வாய்க்குப் போக பஸ் வசதி இல்லாத காரணத்தால் செவ்வாயைக் கல்லூரிக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து விளையாட்டு மைதானத்தில் வட்டமாகக் கொட்டினார்கள். பெரிய கட்டடம் கட்டுகிற கிரேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். கிரேன் கலத்தை உச்சிக்குத் தூக்கிக் கொக்கியை விட்டுவிடும். கலம் தன் வேகத்தைத் தானே குறைத்து வட்டத்துக்குள் மெல்ல இறங்க வேண்டும். நிஜக் கலத்தில் ராக்கெட் இஞ்சின் செய்கிற வேலையை இதில் நான்கு பெரிய விசிறிகள் செய்யும்.

பொன்னி வடிவமைத்த கலம், பெயர் 'வள்ளல்-1', சாப்பாட்டு மேசை அளவு இருந்தது. நான்கு மூலையில் நான்கு விசிறி, கீழே நான்கு கால். ஒவ்வொரு பாதத்துக்கு மேலேயும் சுண்டுவிரல் நகம் பெரிதில் ஒரு பட்டன். கால் தரையைத் தொட்டதும் பட்டன் அழுந்தும், ஒன்று அழுந்தினாலே நான்கு விசிறியும் நிற்கும். தொட்ட பிறகும் விசிறி சுற்றினால் கலம் குடைசாய்ந்துவிடும். வயிற்றில் ஒரு லேசர்க் கண், தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க. தரை பக்கத்தில் வந்துவிட்டது என்று கண் சொன்னால்தான் கால் சொல்வதைக் கம்ப்யூட்டர் நம்பும். வழியில் காற்றிலோ குலுக்கலிலோ பட்டன் அழுந்தி, இறங்கிவிட்டோம் என்று கலம் ஏமாந்துவிடக் கூடாது அல்லவா?

வள்ளல் வந்து பார்த்தார். ஒற்றைக் கையால் கலத்தை அசைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாய்யா இது, எங்க வூட்டு கிரைண்டரு இதவிட கனம். பேப்பர்ல கனரகம்னு சொல்லிட்டேன். ஆத்தா செல எங்க வக்கப்போறீங்க?"

விருத்தாம்பாள் அம்மையாரின் மார்பளவு வெண்கலச் சிலை கலத்தின் தலையில் ஏறியது. அடுத்து, கருங்கல் கல்வெட்டு. தாளாளர், தாளாளர் துணைவியார், முதல்வர், துறைத் தலைவர்கள், காற்றுப் பற்றாக்குறைக் குழுவினர் என்று அத்தனை பெயரும் பொன் எழுத்தில். மேலே சிலை உட்கார்ந்துவிட்டதால் கல்வெட்டுக்கு இடம் வயிற்றில்தான் இருந்தது. லேசர்க் கண் இருக்கிற அதே இடம்.

"கல்வெட்டு கண்ண மறைக்குது சார்," என்றாள் பொன்னி.

"கல்வெட்ட கண்ணு மறைக்குதுன்னு சொல்லு," என்று திருத்தினார் முதல்வர். "ரெண்டு வரி கழிச்சு என் பேரு இருக்குது. கண்ண எடுத்து மேல வச்சுக்க."

கண் மேலே மாற்றப்பட்டது. அது வானத்தை மிக நன்றாகப் பார்த்தது.

பொன்னி ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விசிறிகளைப் பெரிதாக்கினாள். கண்ணை நம்புகிற வரியைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுக் காலை மட்டும் நம்பச் சொன்னாள். "வேற வழியில்ல சார். ஆனா கடைசிச் சோதன முடிஞ்ச பொறவு காலு கிட்ட மட்டும் யாரையும் வுடாதீங்க," என்றாள். "வுடமாட்டேன்," என்றான் கார்த்திகேசன். அவளுக்கு அவன் கொடுத்த ஒரே வாக்குறுதி அது.

விழாவுக்கு முந்தின நாள் பாதி உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார்கள். சிலையும் கல்வெட்டுமாக அந்தப் பாரம், விசிறி இரைய, செம்மண் பறக்க, பூனை சுவரிலிருந்து குதிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது. பொன்னி கையைக் கொட்டிச் சிரித்தாள். கார்த்திகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷம் வகுப்பில் பாடம் எடுத்தும், தான் ஓர் இஞ்சினியர் என்று அவனுக்குத் தோன்றிய முதல் சாயங்காலம் அதுதான்.

விழா நாள். பந்தல், பேண்டு வாத்தியம், கல்லூரியின் தரத்தைச் சோதிக்கத் தில்லியிலிருந்து வந்த மூவர் குழு, சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற விண்வெளி விஞ்ஞானி ஒருவர். மாணவர்கள் எப்போது கைதட்ட வேண்டும் என்று முதல் நாளே ஒத்திகை நடந்திருந்தது. கலம் மண்ணைத் தொட்டதும் தட்ட வேண்டும். தாளாளர் உட்காரும்வரை நிறுத்தக் கூடாது. பொன்னி மைதானத்தின் அந்தக் கோடியில் பஸ் ஷெட்டில் லேப்டாப்போடு இருந்தாள். கலம் கிரேன் கொக்கியில், தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சோதனை முடிந்து, எல்லாம் சரி என்று கார்த்திகேசனுக்குப் போனில் சொல்லிவிட்டாள்.

அப்போது வந்து நின்றது வெள்ளைக் கார். வள்ளலின் துணைவியார் சௌந்தரம் அம்மாள் இறங்கினார். வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து நேரே வருகிறார். செவ்வாய்க்கு அதிபதி அங்காரகன் அங்கே இருக்கும்போது, அவரைக் கேட்காமல் செவ்வாயில் இறங்கலாமா? நியாயம்தானே.

"அர்ச்சனைக்கு ராசி நட்சத்திரம் கேட்டாரு குருக்களு. மிஷினுக்கு நான் எங்க போவேன்? எங்க வூட்டுக்காரரு நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசை எடுத்தார். "எந்தக் கால்ல கட்டறது?"

"வலது கால்லதாம்மா," என்றார் முதல்வர்.

"நாலுல எது வலது?"

இது குறித்துச் சிறிய ஆலோசனை நடந்தது. மூன்றாவது கால் வலது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அம்மாள் குனிந்து கட்டினார். புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பட்டுப்புடவையோடு அதிக நேரம் குனிய முடியவில்லை. துணி தொளதொளவென்று நின்றது.

"தம்பி, நீ கொஞ்சம் இறுக்கிக் கட்டுப்பா. அவுந்துகிட்டா அபசகுனம்."

கார்த்திகேசன் மண்டியிட்டான். முடிச்சுக்குள் இருந்த காசு சரியாகப் பட்டன் மேல் உட்கார்ந்திருந்தது. இறுக்கினால் அழுந்தும். அழுந்தினால் இந்தக் கலம் தரையில் நிற்பதாகவே நினைக்கும். எத்தனை உயரத்திலிருந்து விட்டாலும் விசிறியைப் போடாது. இது அவனுக்கு அச்சுப் பிசகாமல் தெரியும். தெரியாமல் செய்தான் என்று சொல்லி அவனை நான் காப்பாற்ற மாட்டேன். 'அம்மா, இந்தக் கால் வேண்டாம், சிலையின் கழுத்தில் கட்டலாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தான். முதல்வர் அவன் காதருகே குனிந்தார்.

"அலமாரி விஷயத்த நாளைக்கே ஐயாகிட்டப் பேசிடறேன் கார்த்திகேசன். சிரிச்சாப்ல கட்டு, போட்டோ எடுக்கறாங்க."

கார்த்திகேசன் சிரித்தாற்போல் கட்டினான். பட்டன் அழுந்தியது விரலுக்குத் தெரிந்தது.

கிரேன் கலத்தைத் தூக்கத் தொடங்க, வள்ளல் மைக்கைப் பிடித்தார். வள்ளல் பேசும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. அது அந்தக் கல்லூரியின் எழுதாத சட்டம். கார்த்திகேசனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பொன்னி. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மைதானத்தின் கோடியில் அவள் ஷெட்டை விட்டு ஓடி வருவது தெரிந்தது. கயிறு கட்டிய இடத்தில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்துவிட்டார். "ஐயா பேசறாரு பாப்பா," என்று அவர் சொல்வது வாயசைவிலேயே புரிந்தது.

"எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, நீ எதுவரைக்கும் படிச்சேன்னு," வள்ளல் பேசிக்கொண்டிருந்தார். "நான் படிக்கல. படிச்சவனுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறேன். அதும் சொன்ன தேதியில குடுப்பேன்னு சொல்லமாட்டேன், ஆனா குடுப்பேன். எங்கிட்ட வேலைக்கி வந்தவன் ஒருத்தன்கூட என்னைய வுட்டுப் போனதில்ல. ஏன்? பாசம்! போங்கடான்னாலும் போவமாட்டானுங்க. விஞ்ஞானம்னா இன்னா? பெரியவங்க சொன்னா கேக்கறதுதான் விஞ்ஞானம். இந்த மிஷினப் பாருங்க. எறங்குன்னா எறங்கும். ஏன் எதுக்குன்னு கேக்காது. இந்தக் காலத்துப் புள்ளைங்க மிஷினப் பாத்துக் கத்துக்கணும்... எறக்குய்யா!"

கொக்கி விட்டது.

வள்ளல்-1 கேள்வி எதுவும் கேட்கவில்லை. விசிறிகள் அசையவில்லை. கருங்கல்லும் வெண்கலமுமாக நேர்க்கோட்டில் வந்து, வட்டத்தின் நட்டநடுவில் 'தொம்' என்று விழுந்தது. செம்மண் பந்தல் வரை எழும்பி விருந்தினர் சட்டையெல்லாம் சிவந்தது. கல்வெட்டு நான்காகப் பிளந்தது. விருத்தாம்பாள் அம்மையாரின் தலை கழன்று உருண்டு முதல் வரிசைக்கு வந்து, முதல்வர் காலடியில் நின்றது.

மண்ணைத் தொட்டதும் தட்ட வேண்டும் என்பதால் மாணவர்கள் தட்டினார்கள். பேண்டு முழங்கியது. தாளாளர் உட்காரவில்லை, ஆகையால் யாரும் நிறுத்தவில்லை.

"எறங்கிடுச்சாய்யா?" என்று கேட்டார் வள்ளல், கண்ணில் மண்ணைத் துடைத்துக்கொண்டே.

"துல்லியமா எறங்கிடுச்சுங்க ஐயா! வட்டத்துக்கு நடு சென்ட்டரு!" என்றார் முதல்வர்.

சென்னை விஞ்ஞானி வாய் திறந்தார். "இது எறங்கலையே, விழுந்துடுச்சே."

"அங்க காத்து கம்மி சார். செவ்வாயில எறங்கறதே இப்படித்தான்," என்றார் முதல்வர். விஞ்ஞானி எழுந்து காரைத் தேடிப் போனார்.

தில்லிக் குழு அவ்வளவு சுலபமாக விடவில்லை. கலம் ஏன் விழுந்தது, யார் பொறுப்பு என்று விசாரித்து அறிக்கை அனுப்பினால்தான் தரச் சான்று என்று சொல்லிவிட்டுப் போனது. ஆகவே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. காற்றுப் பற்றாக்குறைக் குழுவில் இருந்தவர்களே. அவர்களுக்குத்தான் அனுபவம் இருந்தது.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. முதல்வர் நாற்காலிக்கு நேர் பின்னே, சுவரில், புதிதாகச் சட்டம் போட்ட பெரிய படம் மாட்டியிருந்தது. விழாப் படம். சௌந்தரம் அம்மாள் மஞ்சள் துணியைக் காட்டிப் புன்னகைக்கிறார். கீழே மண்டியிட்டு, மூன்றாவது காலில், சிரித்தாற்போல் முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கிறான் கார்த்திகேசன். பேப்பரிலும் அதுதான் வந்திருந்தது. வாசல் ஃப்ளெக்ஸிலும் அதுதான்.

பொன்னி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "கிரேன் தூக்கறதுக்கு முன்னாடி, கொக்கியில தொங்கறப்பவே மூணாவது காலு தரையில நிக்கிற மாதிரி காட்டுது சார். நான் சோதிச்சப்ப சரியா இருந்துச்சு. அதுக்குப் பொறவு யாரோ எதையோ வச்சுப் பட்டன அழுத்தியிருக்காங்க."

"காலை யாரும் தொடல," என்றார் முதல்வர். அவர் தலைக்கு மேலே படம் இருந்தது.

"தொடல," என்றார் உடற்கல்வி இயக்குநர், படத்தைப் பார்த்துக்கொண்டே.

"நாங்கல்லாம் அங்கதானே இருந்தோம். தொட்டிருந்தா தெரியாதா?" என்றார் இன்னொருவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் அடியில் உட்கார்ந்து, பூசணி என்று ஒரு காய் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னி படத்தைப் பார்த்தாள். அவள் கையை நீட்டியிருந்தால் போதும். ஆனால் ஒரு மாணவி தாளாளர் வீட்டு அம்மாவைக் கை காட்டினால் அது திமிர். ஓர் ஆசிரியர் சொன்னால் அது இஞ்சினியரிங். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டாமல் கார்த்திகேசனைப் பார்த்தாள்.

"வழிகாட்டி இருக்காரே, அவரு சொல்லட்டும்," என்றார் முதல்வர். "கார்த்திகேசன், ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?" கேட்டுக்கொண்டே இடுப்புச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

நான்தான் கட்டினேன். இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கார்த்திகேசன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான், அங்கே அவனே சிரித்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்தான். அப்புறம் தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டினான்.

"வழிகாட்டி ஆசிரியரும் ஆமோதித்தார். எழுதிக்க," என்றார் முதல்வர்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் பொன்னியைப் பிடித்துக்கொண்டார்கள். மென்பொருளில் பிழை. அலட்சியம். பிச்சாவரத்துச் சேற்றில் திரிகிற கழுதைக்குச் செவ்வாய் ஒரு கேடா என்று உடற்கல்வி இயக்குநர் கேட்டார். ஆத்தா தலை உருண்டதுக்கு இன்னா பதில் என்று வள்ளல் வந்து கேட்டார். ப்ராஜெக்ட் தோல்வி, அடுத்த வருஷம் திரும்பச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. "பொம்பளப் புள்ள, கல்லூரிய வுட்டு நீக்கவேணாம், போவட்டும்," என்று வள்ளல் சொன்னதும் எல்லாரும் அவருடைய பெரிய மனதுக்குக் கைதட்டினார்கள். ஜூன் மாதத்து வேலை அந்தக் கைதட்டலோடு போயிற்று. பொன்னி அழவில்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லாரும் போன பிறகு பச்சை அலமாரி திறந்தது. முதல்வர் கோப்பைத் துடைத்துக் கொடுத்தார். விசாரணைக்கு ஒத்துழைத்ததற்காக ஒரு பொன்னாடையும் போர்த்தினார். கார்த்திகேசன் குனிந்து வாங்கிக்கொண்டான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.இ., எம்.இ. எல்லாம் அசல். கையில் வாங்கியபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கக் கேட் வழியாகச் சாலைக்கு வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் பொன்னி நின்றிருந்தாள். பக்கத்தில், வெயிலில் கறுத்து, மடித்துக்கட்டிய வேட்டியோடு ஒருவர். மகளை அழைத்துப் போக வந்திருந்த பொன்னுரங்கம். திரும்பிப் போய்விடலாமா என்று கார்த்திகேசன் யோசிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கும்பிட்டபடியே வந்தார்.

"கார்த்திகேசன் சாருங்களா? நான் பொன்னிக்கு அப்பன் சார். புள்ள ஏதோ தப்பு பண்ணிடுச்சாமே. எனக்கு ஒண்ணும் புரியல. மெஷினு போனா போவுது, செலையெல்லாம் ஒடஞ்சுபோச்சாம். மன்னிச்சுக்குங்க சார்."

கார்த்திகேசன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எல்லாரும் வாய்க்கு வந்தபடி ஏசுனாங்களாம் சார். கழுதைன்னுகூடச் சொன்னாங்களாம். நீங்க ஒருத்தருதான் ஒரு வார்த்தகூடப் பேசலன்னு எம்மவ சொல்லிச்சு. கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த மனசு யாருக்கு சார் வரும்?"

அவருக்குப் பின்னால் பொன்னி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைத் திருத்தவில்லை. முதல்வர் அறையில் பார்த்த அதே மாதிரி, கார்த்திகேசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. இப்போதுகூடச் சொல்லலாம். இங்கே முதல்வரும் இல்லை, அலமாரியும் இல்லை. சான்றிதழ் கைக்கு வந்தாயிற்று. யாருக்குப் பயப்படுகிறான்? அவனுக்கே தெரியவில்லை.

சிதம்பரம் பஸ் வந்துவிட்டது. சாருக்கு உட்கார இடம் வேண்டும் என்று பொன்னுரங்கம் முன்னால் ஓடிக் கையை நீட்டி நிறுத்தி, தோள் துண்டை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தார். கார்த்திகேசன் ஏறி உட்கார்ந்தான். பொன்னுரங்கம் துண்டை எடுத்துக்கொண்டு, தன் கையிலிருந்த ஈரமான மஞ்சப்பையை ஜன்னலுக்குள் நீட்டி அவன் மடியில், கோப்பின் மேல் வைத்தார். உள்ளே ஏதோ நகர்ந்தது.

"நண்டு சார். காலையில புடிச்சது, உசுரோட இருக்குது. வூட்ல கொழம்பு வைக்கச் சொல்லுங்க."

"சரிங்க," என்றான் கார்த்திகேசன். அன்று முழுக்க அவன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான்.